எண்ணெய் எவ்வளவு? எத்தகையது? – கொழுப்பைப் பகுத்தறியும் ஆய்வு முறைகள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைக்கப்படும் நிலக்கடலை ஐப்பசியில் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே ஐப்பசியில்தான். காயைக் களத்தில் பரப்பினால் மழை, குவித்து மூடினால் புழுக்கம். இப்படிக் காய்ந்தும் காயாமலும் விற்பனைக்கு வரும் கடலையை வியாபாரி எவ்வாறு மதிப்பிடுகிறார்? மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி காயை எடுத்து உடைத்து, பருப்பின் திரட்சியைப் பார்த்து, இரண்டொன்றை மென்று, நூறு கிலோ காயில் எவ்வளவு பருப்பு தேறும் என்று மனக்கணக்குப் போட்டு விலை சொல்கிறார். அனுபவமுள்ளவர் பருப்பின் எடையை ஓரளவு சரியாகவே சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பருப்பில் எண்ணெய் எத்தனை சதம், அந்த எண்ணெய் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும் கைப்பிடிக்குத் தெரியாது.

இதனால் ஏற்படும் வித்தியாசம் சிறிதல்ல. நூறு கிலோ காயில் 70 கிலோ பருப்பு தேறுவதாக வைத்துக்கொள்வோம். பருப்பில் எண்ணெய் 48 சதம் இருந்தால் 33.6 கிலோ எண்ணெய் உள்ளது. 44 சதம் இருந்தால் 30.8 கிலோதான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மூட்டைகளுக்குள் குவிண்டாலுக்கு 2.8 கிலோ எண்ணெய் கூடியும் குறைந்தும் இருக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே விலை கிடைத்தால், நன்றாக விளைவித்தவர் மற்றவருக்காக இழக்கிறார் என்பதே பொருள்.

பால் சங்கத்தில் நடப்பது

இதே உழவர் காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் போனால் நிலைமை வேறு. அங்கே பாலின் அளவு மட்டுமின்றி அதிலுள்ள கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளும் பார்த்து விலை போடப்படுகிறது. இப்போது பல சங்கங்களில் மின்கருவிகள் வந்துவிட்டன. எனினும் கண்ணாடிக் குழாயில் செய்யப்படும் ஜெர்பர் சோதனையை அறியாத பால் உற்பத்தியாளர் குறைவு. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் ஜெர்பர் 1890களில் உருவாக்கிய முறை இது. 10 மில்லி கந்தக அமிலத்துடன் 10.75 மில்லி பாலும் 1 மில்லி அமைல் ஆல்கஹாலும் சேர்த்து, குழாயை மூடிக் குலுக்கி, சுழலும் இயந்திரத்தில் 5 நிமிடம் வைக்கிறார்கள். அமிலம் பாலின் புரதத்தைக் கரைத்துவிடுகிறது. விடுபட்ட கொழுப்பு குழாயின் கழுத்தில் மஞ்சள் நிறமாய்த் திரள்கிறது. கழுத்தில் பொறித்துள்ள அளவுகோட்டில் சதத்தை நேராகப் படித்துக்கொள்ளலாம்.

பாலுக்கு நூறாண்டுகளுக்கு மேலாக இருக்கும் இந்த வசதி கடலைக்கு ஏன் வரவில்லை? பாலில் கொழுப்பு சிறுசிறு துளிகளாக மிதக்கிறது. அதை எளிதில் விடுவிக்கலாம். விதையிலோ எண்ணெய் உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பருப்பை உலர்த்தி, நைத்து, கரைப்பான் ஊற்றி, மணிக்கணக்கில் கரைத்து எடுத்தாலன்றி முழு எண்ணெயும் வெளிவராது.

சாக்ஸ்லெட் கருவி

இவ்வாறு கரைத்தெடுக்க இன்றும் ஆய்வுக்கூடங்களில் உபயோகிக்கப்படும் கருவியை ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1879இல் அமைத்தார். (அவர் இதைச் செய்ததும் பாலின் கொழுப்பை அளப்பதற்காகத்தான். எண்ணெய் வித்துக்கு அது பின்னர் வந்தது.) நைத்த பருப்பில் சில கிராம் எடைபோட்டு ஒரு காகித உறையில் இடுகிறார்கள். கீழேயுள்ள குடுவையில் ஹெக்சேன் அல்லது பெட்ரோலியம் ஈதர் கொதிக்கிறது. அதன் ஆவி மேலே போய்க் குளிர்ந்து, உறையின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து எண்ணெயைக் கரைக்கிறது. உறை இருக்கும் அறை நிரம்பியதும் கரைசல் தானாகவே குழாய் வழியாகக் குடுவைக்கு இறங்கிவிடும். மறுபடி ஆவி, மறுபடி சொட்டு. ஆறு மணி நேரத்திற்கு மேலும் இச்சுழற்சி நடந்தபின் கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, குடுவையில் தங்கிய எண்ணெயை எடைபோட வேண்டியதுதான்.

இம்முறை நம்பகமானது. ஆனால் ஒரு நாளில் ஒரு சில மாதிரிகளைத்தான் பார்க்க முடியும். அத்துடன் இது ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். நல்ல எண்ணெயும் சிக்கடித்த எண்ணெயும் இதற்கு ஒன்றே.

காம்பில் மூன்று காய்கள்

எண்ணெயின் தரத்தைப் புரிந்துகொள்ள அதன் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். கிளிசரால் என்ற ஒரு காம்பில் மூன்று காய்கள் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் காய்கள்தாம் கொழுப்பு அமிலங்கள். எண்ணெய், நெய் எல்லாமே பெரும்பாலும் இத்தகைய மூன்று காய்க் கொத்துகளே. எந்தெந்தக் காய்கள் தொங்குகின்றன என்பதைப் பொறுத்துத் தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைகிறது, நல்லெண்ணெய் உறையாமல் இருக்கிறது.

ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில், குறிப்பாக அடிபட்டும் நசுங்கியும் போன பருப்பில், லிபேஸ் என்னும் நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. அது காய்களைக் காம்பிலிருந்து உதிர்க்கிறது. பூஞ்சாணம் பிடித்தால் உதிர்வு இன்னும் வேகமாகும். இவ்வாறு உதிர்ந்தவற்றைத் தனித்த கொழுப்பு அமிலங்கள் என்கிறார்கள். எண்ணெய் தொண்டையில் காறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சுத்திகரிப்பு ஆலையில் இவற்றை நீக்கவேண்டியிருப்பதால் அந்த அளவுக்கு எண்ணெய் நட்டமாகிறது. ஆலைக்காரர் அந்த நட்டத்தை விலையில் பிடித்துக்கொள்வார்.

இதை அளக்கும் சோதனை மிக எளிது, செலவும் குறைவு. எடைபோட்ட எண்ணெயைச் சூடான ஆல்கஹாலில் கலக்கி, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, காரக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கும்போது எவ்வளவு காரம் செலவாயிற்றோ அதிலிருந்து அமில எண் கணக்கிடப்படுகிறது. தனித்த கொழுப்பு அமிலம் எத்தனை சதமோ, அமில எண் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு இருக்கும். அறிக்கையில் இரண்டில் எது குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்துக்கொள்ளாவிட்டால் குழப்பம் நேரும்.

நம் பகுதியில் கடலையை உடைக்கும்முன் தண்ணீர் தெளித்து ஊறவைப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். ஓடு பதமாகிப் பருப்பு நொறுங்காமல் வரும் என்பதற்காகச் செய்கிறார்கள். பருப்பின் எடை கூடும் என்பது சொல்லப்படாத இன்னொரு காரணம். நனைத்து உடைத்த பருப்பை உடனே உலர்த்தாமல் மூட்டையில் போட்டால் சில வாரங்களில் அமில எண் ஏறிவிடும். பூஞ்சாண நச்சான அஃப்ளாடாக்சினும் இதே ஈரத்தில்தான் உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்ததற்குக் காரணமாயிருந்தது நச்சேறிய கடலைப் பிண்ணாக்கு என்பது பின்னர் தெரியவந்தது. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் பிண்ணாக்கை வாங்குவோர் இதைக் கவனித்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒன்று: கொழுப்புச் சோதனை இந்த நச்சைக் காட்டாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

வாயு வண்ணப்பிரிகை

காய்கள் எவை என்று பிரித்துப் பார்க்கும் வழி 1952இல் கிடைத்தது. இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு விஞ்ஞானிகள் கொழுப்பு அமிலங்களை ஆவியாக்கி, நீண்ட குழாய் ஒன்றின் வழியே வாயுவோடு ஓடவிட்டுப் பிரித்துக் காட்டினர். இப்போதைய முறையில் எண்ணெயிலுள்ள அமிலங்களை முதலில் காம்பிலிருந்து பிரித்து, எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டர்களாக மாற்றுகிறார்கள். சூடான மெல்லிய குழாயில் அவை ஓடும்போது ஒவ்வோர் அமிலமும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். மறுமுனையில் ஒரு சிறு சுடர் அதை உணர்ந்து, தாளில் ஒரு மேடாக வரைகிறது. எந்த நேரத்தில் மேடு வந்தது என்பது அமிலத்தின் பெயரைச் சொல்லும். மேட்டின் பரப்பு அதன் அளவைச் சொல்லும்.

சாதாரணக் கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலம் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், லினோலியிக் அமிலம் மூன்றில் ஒரு பங்கு அளவிலும், பால்மிட்டிக் அமிலம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருப்பதை இவ்வாறு அறிகிறோம். இவற்றில் காற்றுப் பட்டால் விரைவில் கெடுவது லினோலியிக். ஒலியிக் அதைக் காட்டிலும் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒலியிக் மிகுந்த கடலையும் அதன் எண்ணெயும் நாட்பட வைத்திருந்தாலும் சிக்கடிக்காது. முதிராத பருப்பில் எண்ணெயும் குறைவு, ஒலியிக்கின் பங்கும் குறைவு. மழைக்குப் பயந்து பத்து நாள் முன்னதாகச் செடியைப் பிடுங்குகிறவர் எடையில் இழப்பதோடு, எண்ணெயின் வைப்புத் திறனிலும் இழக்கிறார். ஓட்டின் உட்புறம் கரும்பழுப்பாக மாறியிருக்கிறதா என்று சில செடிகளில் பார்த்தபின் அறுவடை செய்தல் நலம்.

கலப்படத்தைப் பிடிக்கவும் இக்கருவி உதவுகிறது. கடலை எண்ணெய்க்குப் பெல்லியர் சோதனை என்ற பழைய முறை ஒன்று உண்டு. சோப்பாக்கி, அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துக் குளிரவிட்டால் 39 முதல் 41 டிகிரி சென்டிகிரேடில் அது கலங்க வேண்டும். வேறு எண்ணெய் கலந்தால் கலங்கும் வெப்பநிலை மாறும். சிறிதளவு கலப்பை இது தப்பவிடக்கூடும். பாமாயிலில் பால்மிட்டிக் அமிலம் 40 சதத்தை ஒட்டி இருப்பதால், அதைக் கலந்த கடலை எண்ணெயில் அந்த மேடு உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். சொந்தக் கடலையைச் செக்கிலாட்டி எண்ணெயாக விற்கத் தொடங்கியுள்ள உழவர்களுக்கு இத்தகைய ஓர் அறிக்கை கையிலிருப்பது, மலிவு எண்ணெயோடு போட்டியிடும்போது பயன்படும்.

பாதியைச் சோதித்து மீதியை விதைத்தல்

வாயு வண்ணப்பிரிகைக்கு மிகச் சிறிதளவு எண்ணெய் போதும். இதனால் பயிர்ப் பெருக்கத்தில் ஒரு பெரிய வசதி பிறந்தது. 1960களில் கனடாவில் கடுகு இனப் பயிர் ஒன்றில், ஒரே விதையைப் பாதியாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதித்து, முளையுள்ள மறு பாதியை விதைத்தனர். வேண்டாத அமிலம் குறைந்த செடிகளை இவ்வாறு தேர்ந்து வளர்த்ததில்தான் கனோலா உருவாயிற்று. கடலையிலும் முளைக்கு எதிர்ப்புறம் ஒரு சிறு சீவல் எடுத்தால் போதும், விதை முளைத்துவிடும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒலியிக் அமிலம் 80 சதம் அளவுக்கு உள்ள கடலை கண்டறியப்பட்டு 1987இல் வெளியிடப்பட்டது. நம் நாட்டில் ஐதராபாத் அருகே பதஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையமும் குஜராத்தில் ஜூனாகத்திலுள்ள நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கிர்நார் 4, கிர்நார் 5 என்ற உயர் ஒலியிக் இரகங்கள் 2020ஆம் ஆண்டளவில் வெளிவந்தன. தின்பண்டம் செய்வோர் இவற்றை விரும்புவர். ஆனால் உள்ளூர் ஏலத்தில் பருப்புத் தேர்ச்சிக்கு மட்டுமே விலை போடும்வரை ஒலியிக்குக்கென்று ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது. வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி முடித்தபின் இவற்றைப் பயிரிடுவதே புத்திசாலித்தனம். பக்கத்துக் காட்டுக் கடலையோடு கலந்துவிட்டால் அந்தச் சிறப்பும் போய்விடும்.

வரப்பிலுள்ள கொட்டமுத்து

கடலைக் காட்டின் வரப்பிலும் ஊடுபயிராகவும் நாம் போடும் ஆமணக்கு, அதாவது கொட்டமுத்து, எண்ணெய் அளவில் கடலைக்கு இளைத்ததல்ல. எண்ணெயின் தன்மையில் மட்டும் முற்றிலும் வேறு. அதன் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதம் வரை ரிசினோலியிக் என்ற ஒரே அமிலம். வேறெந்தப் பெரும் எண்ணெய் வித்திலும் இது இந்த அளவில் இல்லை. விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பும், அது ஆல்கஹாலில் கரைவதும், மசகு எண்ணெய், வண்ணப்பூச்சு, பிளாஸ்டிக் ஆலைகள் அதைத் தேடுவதும் இந்த அமிலத்தால்தான். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு இரகம் வெளியிடப்பட்டது. இத்தகைய இரகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மகசூலோடு எண்ணெய்ச் சதமும் சேர்த்தே பார்க்கப்படுகிறது. ஆமணக்கு எண்ணெய் குளிர்ந்த பெட்ரோலியம் ஈதரில் சரியாகக் கரையாது. கடலைக்குச் செய்ததை அப்படியே ஆமணக்குக்கும் செய்தால் கணக்குக் குறையலாம் என்பதை ஆய்வுக்கூடத்தார் அறிவர்.

முட்டையும் எடைக் கருவியும்

கோழிமுட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதில் மூன்று காய்க் கொத்துகளோடு, லெசித்தின் போன்ற பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்புகளும் கொலஸ்டிராலும் உண்டு. லெசித்தின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சாக்ஸ்லெட் கருவிக்கு முழுவதும் வசப்படாது. குளோரோபாரமும் மெத்தனாலும் கலந்து எல்லாக் கொழுப்பையும் எடுக்கும் முறைகள் 1957இலும் 1959இலும் வெளியாயின. பின்னது கனடாவில் மீன் தசையை ஆராய்ந்த பிளை, டயர் என்ற இருவருடையது. ஆளிவிதை கலந்த தீவனம் தின்ற கோழியின் முட்டையில் ஒமேகா 3 கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இவ்வாறு எடுத்த கொழுப்பைத்தான் வண்ணப்பிரிகைக்கு அனுப்புகிறார்கள்.

வாயு வண்ணப்பிரிகையிலும் ஒரு குறை உண்டு. அது எல்லாக் காய்களையும் பறித்துக் கூடையில் கொட்டி எண்ணுகிறது. எந்தக் காம்பில் எந்த மூன்று சேர்ந்திருந்தன என்பது அதற்குத் தெரியாது. கொத்தைக் கலைக்காமலே எடைபோடும் கருவி நிறை நிறமாலைமானி. பெரிய மூலக்கூறுகளை உடைக்காமல் மின்னூட்டம் ஏற்றிப் பறக்கவிடும் வழிக்காக ஜான் ஃபென் என்ற அமெரிக்கர் 2002இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இப்போது ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான கொழுப்பு வகைகளை ஒரு மணி நேரத்திற்குள் இனம் காண முடிகிறது. 2005இல் விஞ்ஞானிகள் கொழுப்புகள் அனைத்தையும் 8 பெரும் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்தனர். இக்கருவி விலை மிக்கது. வறட்சியைத் தாங்கும் இரகத்தின் இலையில் எந்தக் கொழுப்பு மாறுகிறது என்பது போன்ற ஆராய்ச்சிக்கு உரியதேயன்றி, மூட்டைக்கு விலை போட அல்ல.

விதையை உடைக்காமல்

மூட்டைக்கு விலை போட உதவக்கூடியவை வேறு இரண்டு. ஒன்று காந்தப்புலத்தில் விதையை வைத்து, எண்ணெயிலுள்ள ஹைட்ரஜன் தரும் சமிக்ஞையை அளப்பது. விதை முழுதாகவே இருக்கும், பின்னர் விதைக்கவும் செய்யலாம். ஈரம் மிகுந்திருந்தால் தண்ணீரின் ஹைட்ரஜனும் சேர்ந்துகொண்டு கணக்கைக் கெடுக்கும் என்பதால் விதையை நன்கு உலர்த்திவிட்டே அளக்கிறார்கள். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பருப்பின்மேல் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியிலிருந்து எண்ணெய், ஈரம், புரதம் மூன்றையும் ஒரு நிமிடத்தில் சொல்வது. இக்கருவிக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. சாக்ஸ்லெட் முறையில் அளந்த பல மாதிரிகளைக் காட்டி அதைப் பழக்க வேண்டும். வேறு மாநிலத்து இரகங்களைக் காட்டிப் பழக்கிய கருவி நம் கடலைக்குத் தவறான எண்ணைச் சொல்லக்கூடும்.

ஏலம் தொடங்குமுன் ஒவ்வொரு குவியலுக்கும் இத்தகைய கருவியில் ஈரமும் எண்ணெயும் பார்த்துச் சீட்டில் எழுதிவிட்டால், பால் சங்கத்து முறை கடலைக்கும் வந்துவிடும். ஈரக் கடலை கொண்டுவருகிறவருக்கு அன்று விலை குறையும் என்பதும் உண்மை.

மாதிரி எடுக்கும் முறை

எவ்வளவு நல்ல கருவியானாலும் அது சோதிப்பது நாம் கொடுக்கும் சில கிராமைத்தான். மேல் மூட்டையின் வாயிலிருந்து அள்ளிய திரண்ட காய், களம் முழுவதற்கும் சாட்சி ஆகாது. பத்து மூட்டைகளில் ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்துச் சாக்கின்மேல் கொட்டிக் கலக்க வேண்டும். குவியலை வட்டமாகப் பரப்பி, கூட்டல் குறிபோல் கோடிட்டு நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலக்க வேண்டும். அரை கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். பொக்கு, சொத்தை, சுருங்கிய பருப்பு எதையும் பொறுக்கி எறியக் கூடாது. எண்ணெயாகவே அனுப்புவதானால் வண்டல் படிந்த தகரத்தை நன்கு கலக்கியபின், காய்ந்த கருநிறக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்ப வேண்டும். வெளிச்சமும் காற்றும் வழியிலேயே எண்ணெயைக் கெடுத்துவிடும்.

காயை 8 சத ஈரத்திற்கு உலர்த்தியபின் மாதிரி எடுப்பது நல்லது. கையிலெடுத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் கழலும். ஈர மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்போது அதன் அமில எண் உங்கள் களத்துக் கடலையின் எண்ணாக இருக்காது. துணிப்பையில் இட்டு, இரகம், விதைத்த நாள், அறுவடை நாள், மழையில் நனைந்ததா, நனைத்து உடைத்ததா, எத்தனை நாள் சேமித்தது ஆகியவற்றைத் தாளில் எழுதி உள்ளே வைக்கவேண்டும். எண்ணெய்ச் சதம் மட்டும் போதுமா, அமில எண்ணும் வேண்டுமா, கொழுப்பு அமிலங்களின் விவரமும் தேவையா என்று குறிப்பிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வேறு. விற்பனைக்குக் கொண்டுபோகும் சாதாரணக் கடலைக்கு முதல் இரண்டு போதும். சேலத்தில் சந்தியூரிலும், நாமக்கல்லிலும் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்களில் விசாரித்தால் எந்தச் சோதனைக்கு எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்ளலாம்.